ரன்ஃபிளாட் டயர்: 80 கிலோமீட்டருக்கு அப்புறம்?

கோலாலம்பூருக்கு வடக்கே ரவாங்கில் இருக்கும் தம்பி ஒருவர் கேட்டிருந்தார். எஃப்30 மாடல் பிஎம்டபிள்யூ 320i ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறார். நான்கு சக்கரத்திலும் ரன்ஃபிளாட் டயர், அதாவது காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர். நான்கும் தேய்ந்து முடியும் நிலை. மாதம் இரண்டு முறை பினாங்குப் பக்கம் பட்டர்வொர்த்துக்கு அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறார். டயர் கடைக்காரர், "சாதாரண டயர் போடுங்க, காசும் மிச்சம், காரும் மெத்தென்று ஓடும்" என்கிறார். காரை விற்றவர், "அதைச் செய்யாதீங்க, இந்தக் காரில் ஸ்பேர் டயரே கிடையாது, நடுவழியில் நின்றுவிடுவீங்க" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

தம்பி, இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்குப் பாதி சொல்லியிருக்கிறார்கள். செந்தூலில் ஒரு டயர் கடையில் இருபது வருடத்துக்கு மேல் கை கறுத்தவன் நான். அந்த அனுபவத்தில் மீதிப் பாதியைச் சொல்லிவிடுகிறேன். என் பதில் முதலிலேயே: சாதாரண டயருக்கு மாறுங்கள். ஆனால் மாறுகிற அன்றே பூட்டில் (காரின் பின்பக்கச் சாமான் அறையில்) என்ன வைக்கப் போகிறீர்கள் என்பதையும் முடிவு செய்துவிட்டு மாறுங்கள். டயரை மட்டும் மாற்றிவிட்டு பூட்டைக் காலியாக விட்டால், விற்றவர் சொன்னதுதான் நடக்கும்.

ரன்ஃபிளாட் என்றால் பஞ்சர் ஆகாத டயர் என்று பலர் நினைக்கிறார்கள். ஆணி அதையும் துளைக்கும், காற்று அதிலும் போகும். வித்தியாசம் பக்கச் சுவரில் இருக்கிறது. சாதாரண டயரைக் கழற்றித் தரையில் போட்டு பக்கச் சுவரை இரண்டு கையாலும் அமுக்கினால் வளைந்து கொடுக்கும். ரன்ஃபிளாட் டயரின் மேல் நீங்கள் ஏறி நின்றாலும் அவ்வளவாக அசையாது. உள்ளே பிறை வடிவத்தில் தடித்த ரப்பரை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். காற்று போனதும் காரின் எடையை அந்த ரப்பர் தாங்கும். எவ்வளவு நேரம்? பொதுவாகச் சொல்லும் கணக்கு, மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல், 80 கிலோமீட்டர் தூரம்.

ஏன் வரம்பு வைத்திருக்கிறார்கள் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. உங்கள் காருக்கு வரும் 225/45 ஆர்18 டயரின் சுற்றளவு இரண்டு மீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 480 முறை சுற்ற வேண்டும். காற்றில்லாமல் 80 கிலோமீட்டர் போனால் அந்தப் பக்கச் சுவர் 38,000 முறைக்கு மேல் நசுங்கி நிமிர்கிறது. ஒரு கம்பியை மாறி மாறி வளைத்தால் வளைக்கிற இடம் சுடுமே, அதே கதைதான் இங்கேயும். நம் ஊர் மத்தியான வெயிலில் தார்ச் சாலையும் சேர்ந்து சுடும். வேகம் கூடினால் சூடு கூடும், பாரம் கூடினாலும் கூடும். பழைய பிஎம்டபிள்யூ கையேடுகளில் இதைப் பிரித்தே போட்டிருந்தார்கள்: ஒருவர் இருவர் மட்டும் சாமான் இல்லாமல் போனால் 250 கிலோமீட்டர், நடுத்தரப் பாரத்துக்கு 150, முழுப் பாரத்துக்கு 50. புதிய கையேடுகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து 80 என்று சுருக்கிவிட்டார்கள். அந்தப் பழைய 50-ஐ மட்டும் நான் மறக்கவே இல்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன், சீனப் பெருநாளின் இரண்டாம் நாள். ரன்ஃபிளாட் போட்ட மச்சானின் காரில் ஐந்து பேர் பினாங்குக்குப் போய்க்கொண்டிருந்தோம். பூட் நிறையப் பெட்டி, மேலே இரண்டு டின் முறுக்கு. நான்தான் ஓட்டினேன். தாப்பா தாண்டியதும் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டீரிங்கில் ஒரு மாற்றமும் தெரியவில்லை. விளக்கு மட்டும் இல்லையென்றால் 110-லேயே போயிருப்பேன், அது வேறு கதையாக முடிந்திருக்கும். வேகத்தை 60-க்குக் குறைத்தேன். ஈப்போ ஏறக்குறைய அறுபது கிலோமீட்டர். ஐந்து பேர், முழுப் பாரம், கையேட்டுக் கணக்கில் 50. பின்னால் வந்த லோரிகள் விளக்கடித்தபடி முந்திப் போயின. மச்சான் ஒரு வார்த்தை பேசவில்லை. எப்படியோ ஈப்போ வந்து சேர்ந்தோம். டயர் தன் வேலையைச் சரியாகச் செய்தது. மழை தூறிக்கொண்டிருந்த அந்த இருட்டில் எமர்ஜென்சி லேனில் குனிந்து போல்ட் கழற்ற வேண்டிய கதி வரவில்லை. அதற்கு அந்த டயருக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

தொல்லை அதற்கு அப்புறம்தான். நம் நாட்டில் டயர் கடைகளில் பெரும்பாலானவை சீனர்களுடையவை என்பது உங்களுக்கே தெரியும். பெருநாளின் இரண்டாம் நாளில் எந்த தவுக்கே (சீன முதலாளி) கடை திறப்பார்? மறுநாள் தேடித் தேடி, திறந்திருந்த ஒரு கடையைப் பிடித்தோம். அங்கே இருந்த மெஷினில் பக்கத்துக் கை கிடையாது. ரன்ஃபிளாட் டயரை ரிம்மிலிருந்து கழற்ற மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் ஒரு கை வேண்டும். அது இல்லாமல் நெம்பினால் ரிம் கீறும், உள்ளே இருக்கும் சென்சார் உடையும். அந்தப் பையன் நேர்மையானவன், "அங்கிள், இது நம்மகிட்ட முடியாது" என்று சொல்லிவிட்டான். வீட்டார் ஈப்போவிலிருந்து இடிஎஸ் ரயில் ஏறி பட்டர்வொர்த் போய்ச் சேர்ந்தார்கள். நான் காரோடு ஒரு ஹோட்டலில் உட்கார்ந்திருந்தேன். அந்த அளவில் ரன்ஃபிளாட் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும் என்றார்கள். வந்தது நான்காம் நாள்.

புது டயர் போடும்போது பழையதைக் கழற்றி உள்ளே பார்த்தேன். கறுப்பாகப் பொடி, ஒரு கைப்பிடி இருக்கும், காப்பித் தூள் மாதிரி. பக்கச் சுவரின் உட்புற ரப்பர் தன்னைத்தானே அரைத்துக்கொண்டு கொட்டியது அது. வெளியே இருந்து பார்த்தால் டயர் புதிது போல இருந்தது. ஓட்டை எது தெரியுமா? நடுப்பகுதியில் ஒரு சின்ன ஸ்க்ரூ. சாதாரண டயரில் ஆணி இறங்கிய உடனே நிறுத்தியிருந்தால் பத்து பதினைந்து வெள்ளியில் (ரிங்கிட்டில்) முடியும் வேலை. இங்கே ஒரு முழு டயர் குப்பைக்குப் போனது.

ரன்ஃபிளாட்டின் பெரிய குறை எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். விலையும் முரட்டுத்தனமும் அடுத்துதான். காற்றில்லாமல் ஓடிய ரன்ஃபிளாட்டை ஒட்டலாமா என்பதில் டயர் நிறுவனங்களுக்குள்ளேயே ஒரே பேச்சு கிடையாது. சில நிறுவனங்கள் ஒரே ஒரு முறை, நடுப்பகுதி ஓட்டை மட்டும், டயரைக் கழற்றி உள்ளே பரிசோதித்த பிறகு ஒட்டலாம் என்கின்றன. சில, தொடவே கூடாது என்கின்றன. எவ்வளவு தூரம், எவ்வளவு குறைந்த காற்றில் ஓடியது என்று ஓட்டியவருக்கே தெரியாதபோது எந்தக் கடைக்காரர் உறுதி கொடுப்பார்? பொறுப்பான ஃபோர்மேன் "புதுசு போடுங்க" என்பார். பொறுப்பில்லாதவர் வெளியே இருந்து ஓட்டையில் ரப்பர் கயிறு குத்தி அனுப்புவார், நீங்களும் சந்தோஷமாக 110-இல் போவீர்கள். இரண்டாவது ஆளிடம்தான் எனக்குப் பயம்.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரே நிறுவனம், ஒரே அளவு என்றாலும் ரன்ஃபிளாட்டுக்குக் கணிசமாகக் கூடுதல் கேட்பார்கள். 18 அங்குலத்தில் நல்ல பெயருள்ள ஒன்று ஆயிரம் வெள்ளியை ஒட்டிப் போகும். கடைக்குக் கடை மாறும், பேரம் பேசலாம். ஆனால் தேர்வு குறைவு. அதிகம் விற்காத அளவுகளில் பழைய ஸ்டாக்கைத் தள்ளிவிடுவதும் உண்டு. பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குக் கடைசியில் நான்கு எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டு 23-ஆவது வாரம் செய்தது. பணம் கொடுக்கும் முன் குனிந்து பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

அப்புறம் ஓட்டும் சுகம். பக்கச் சுவர் கெட்டியாக இருந்தால் சாலையின் குத்தெல்லாம் நேராக ரிம்முக்கும், அங்கிருந்து உங்கள் முதுகுக்கும் வரும். ஜெர்மனியின் நெடுஞ்சாலையில் இது பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். நம் கோலாலம்பூரின் எம்ஆர்ஆர்2 வட்டச் சாலையில் லோரி ஓடி ஓடிக் குழி விழுந்த இடது லேனில் போய்ப் பாருங்கள். மழை பெய்து தண்ணீர் தேங்கினால் குழி எங்கே என்றே தெரியாது. டயர் வளைந்து கொடுக்காதபோது அடி முழுவதும் ரிம்மில் விழுகிறது. எங்கள் கடைக்கு விரிசல் விட்ட அலாய் ரிம்மோடு வந்த கார்களில் ரன்ஃபிளாட் போட்டவை அதிகம் என்பது என் கண்ணில் பட்டது. எண்ணி வைக்கவில்லை, அதனால் கணக்காகச் சொல்லவில்லை. ரிம் உள்பக்கமாக விரிசல் விட்டால் காற்று மெல்ல மெல்ல இறங்கும். ஆள் டயரைச் சந்தேகப்பட்டுக்கொண்டே இருப்பார்.

நியாயமாக அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். வேகமாகப் போகும்போது டயர் சட்டென்று காற்றை இழந்தாலும் கார் கையை விட்டு ஓடாது. ஜெலாப்பாங் தாண்டி மெனோரா சுரங்கப் பாதைப் பக்கம் ஏற்றமும் வளைவுமாக இருக்குமே, அங்கே ராத்திரி பத்து மணிக்கு டயர் மாற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். கார் ஓட்டும் பெண்பிள்ளைகள், முட்டி வலிக்கும் பெரியவர்கள், கோலாலம்பூரையும் கிள்ளானையும் தாண்டாதவர்கள், இவர்களுக்கு ரன்ஃபிளாட் நல்ல ஏற்பாடுதான். 80 கிலோமீட்டருக்குள் சரியான மெஷின் உள்ள கடை, திறந்திருக்கும் நேரம், உங்கள் அளவில் ஸ்டாக், இந்த மூன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கில் அநேகமாகக் கிடைக்கும். உங்கள் பயணம் வேறு, தம்பி. கோலாலம்பூர்–பினாங்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். நீங்கள் போவது வெள்ளிக்கிழமை ராத்திரி, திரும்புவது ஞாயிறு ராத்திரி. கடை திறந்திருக்காத நேரமாகப் பார்த்துப் பார்த்து ஓட்டுகிறீர்கள். பட்டர்வொர்த்திலிருந்து ஒருநாள் கெரிக், ஜெலி வழியாகக் கோத்தா பாரு போகலாம் என்று தோன்றினால் இன்னும் மோசம். அந்தக் கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் கெரிக்குக்கும் ஜெலிக்கும் நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் காடுதான். யானை கிடைக்கும், டயர் கடை கிடைக்காது.

சரி, மாறுவது என்று முடிவு செய்தால் சில விஷயங்கள் கவனிக்க வேண்டும்.

முதலில், நான்கையும் ஒன்றாக மாற்றுங்கள். இரண்டு ரன்ஃபிளாட், இரண்டு சாதாரணம் என்று கலக்காதீர்கள். காசு இறுக்கம் என்று கலப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மழையில் வளைவு திரும்பும்போது முன்பக்கம் ஒரு மாதிரியும் பின்பக்கம் ஒரு மாதிரியும் பேசும். உங்களுடையதில் ஸ்போர்ட் ரிம் இருந்து பின் டயர் 255/40 ஆர்18 என்றால் முன்னும் பின்னும் அளவு வேறு. அதையும் ஒரே நிறுவனம், ஒரே மாடலாக வாங்குங்கள். இப்போது போட்டிருப்பது நிஜமாகவே ரன்ஃபிளாட்டா என்று பக்கச் சுவரில் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்ஜ்ஸ்டோன் ஆர்எஃப்டி என்று போடும், மிஷலின் இசட்பி, கான்டினென்டல் எஸ்எஸ்ஆர், குட்இயர் ஆர்ஓஎஃப். செகண்ட் ஹேண்ட் காரில் முந்தைய முதலாளி ஏற்கெனவே சாதாரண டயருக்கு மாற்றிவிட்டு, உங்களிடம் ரன்ஃபிளாட் என்று சொல்லி விற்றிருக்கவும் கூடும். அந்த நினைப்பில் காற்றில்லாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் டயரும் போகும், ரிம்மும் போகும். டயரில் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் வேக எழுத்தும் பார எண்ணும் கதவோர ஸ்டிக்கரில் உள்ளதற்குக் குறையக் கூடாது. ஓட்டும்போது முதல் வாரம் ஸ்டீரிங் கொஞ்சம் சோம்பலாகத் தெரியும். இந்தக் காரின் சஸ்பென்ஷனைக் கெட்டி டயரை மனதில் வைத்தே அமைத்திருக்கிறார்கள். பழகிவிடும். முதுகு நன்றி சொல்லும்.

இரண்டாவது, காற்று குறைந்தால் சொல்லும் அந்த விளக்கு. அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். சில கார்களில் ஒவ்வொரு வால்விலும் சென்சார் இருந்து காற்றை அளக்கும். சிலவற்றில் அப்படி அளப்பது கிடையாது. சக்கர வேகத்தைப் பார்க்கும் ஏபிஎஸ் பிரேக் சென்சாரை வைத்து எந்தச் சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று பார்த்துக் காற்று குறைந்திருக்கும் என்று ஊகிக்கும். இந்த இரண்டாவது வகையில், காற்று அடித்த ஒவ்வொரு முறையும் மெனுவில் போய் ரீசெட் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தப்பான கணக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். நான்கு டயரிலும் ஒன்றாக மெல்ல இறங்கினால் அதற்குத் தெரியவும் தெரியாது. மாதம் ஒருமுறை பெட்ரோல் நிலையத்தில் கையால் பாருங்கள். பாதிப் பஞ்சர் தொல்லை இதிலேயே தீரும், ஏனென்றால் ஆணி குத்திய டயரில் பெரும்பாலும் காற்று ஒரே அடியில் போகாது. இரண்டு நாள் எடுத்து இறங்கும்.

இப்போது பூட்டுக்கு வருவோம். முழு அளவு ஸ்பேர் டயர்தான் ராஜா, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் உங்கள் காரில் அதற்குப் பள்ளம் கிடையாது. பேட்டரியே பூட்டின் அடியில்தான் உட்கார்ந்திருக்கிறது. முழுச் சக்கரத்தை மேலே போட்டால் அம்மா கொடுத்தனுப்பும் ஊறுகாய் ஜாடிக்குக்கூட இடம் இருக்காது. அதனால் நான் சொல்வது ஒல்லி ஸ்பேர், அதாவது மோட்டார்சைக்கிள் சக்கரம் மாதிரி இருக்கும் தற்காலிகச் சக்கரம். பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். வாங்கும்போது மூன்றைப் பாருங்கள். போல்ட் துளை எஃப்30-க்கு ஐந்து, 120 மில்லிமீட்டர் வட்டத்தில். பென்ஸிலும் பின்னால் வந்த ஜி வரிசை பிஎம்டபிள்யூவிலும் 112, அது உங்களுக்குப் பொருந்தாது. நடுத்துளை 72.6 மில்லிமீட்டர். அப்புறம், உங்கள் பிரேக் காலிப்பர் மேல் உரசாமல் சுற்ற வேண்டும். கடையிலேயே ஜேக் போட்டு முன்னாலும் பின்னாலும் மாட்டி, கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். உயரம் மற்ற டயர்களோடு நெருங்கி இருப்பது நல்லது. உங்களுடையது பின்சக்கரம் இழுக்கும் கார், பின்னால் ஒரு பக்கம் மட்டும் குள்ளமாக இருந்தால் இரண்டு பின்சக்கரத்துக்கும் சுற்றைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல் சும்மா இல்லாமல் உழைக்கும். பக்கத்து ஊர் வரைக்கும் பரவாயில்லை.

ஒல்லி ஸ்பேருக்கும் வேகம் 80-தான். அதில் அடிக்க வேண்டிய காற்று 60 பிஎஸ்ஐ, சாதாரண டயரைப் போல இரண்டு மடங்கு. இதை யாரும் பார்ப்பதில்லை. கடையில் எத்தனை ஸ்பேரை எடுத்துப் பார்த்திருக்கிறேன், பாதிக்கு மேல் காற்றில்லாமல் கிடக்கும். தூங்குகிற காவல்காரன் மாதிரி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து அடித்து வையுங்கள். பையில் போட்டு, பூட்டில் இருக்கும் கொக்கியில் பட்டை வைத்துக் கட்டுங்கள். கட்டாமல் கிடக்கும் சக்கரம், மோதினால் பின் சீட்டுக்கு எமன்.

சக்கரம் மட்டும் போதாது. ரன்ஃபிளாட்டோடு வந்த காரில் ஜேக்கும் இருக்காது, ஸ்பேனரும் இருக்காது. ஒரு நல்ல ஜேக், 17 மில்லிமீட்டர் சாக்கெட், நீளமான கைப்பிடி வாங்குங்கள். ஜேக்கை வைக்கும் இடம் கதவுக்குக் கீழே கறுப்புச் சதுர ரப்பர்களாக இருக்கும், வேறு எங்கும் வைக்காதீர்கள். ஜப்பான் கார் பழகியவர்களுக்கு இதில் ஒரு சிரமம்: அங்கே ஹப்பில் ஸ்டட் நீட்டிக்கொண்டிருக்கும், சக்கரத்தை அதில் மாட்டி நட் போடலாம். இங்கே போல்ட். சக்கரத்தை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, துளைக்கு நேராக வைத்து, மற்றக் கையால் போல்ட் திருக வேண்டும். மழையில் இதைச் செய்து பார்த்தால் கெட்ட வார்த்தை தானாக வரும். இதற்கென்றே ஒரு வழிகாட்டிக் கம்பி விற்கிறார்கள். போல்ட் துளையில் முதலில் அதைத் திருகிவிட்டால் சக்கரத்தை அதில் மாட்டிவிட்டு நிதானமாக மற்றதைப் போடலாம்.

ஸ்பேர் தூக்கிச் சுமக்க விருப்பமில்லை என்றால் அடுத்தது பசை பாட்டிலும் 12 வோல்ட் காற்றுப் பம்பும். டெஸ்லா போன்ற மின்சாரக் கார்களில் ஸ்பேரே வருவதில்லை, அந்தக் கார்க்காரர்களில் பலரும் இதைத்தான் நம்புகிறார்கள். நடுப்பகுதியில் நான்கு, அதிகம் போனால் ஆறு மில்லிமீட்டர் ஓட்டை வரைக்கும் அடைக்கும். பக்கச் சுவர் கிழிந்தாலோ ரிம் வளைந்தாலோ ஒன்றும் நடக்காது. பால் மாதிரி வழிந்து ஓடும், அவ்வளவுதான். பாட்டிலுக்குக் காலாவதித் தேதி உண்டு. வெயிலில் வேகும் பூட்டில் நாலைந்து வருடம் கிடந்த பசையை நம்பாதீர்கள். அடித்ததும் நிற்காமல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்ட வேண்டும், அப்போதுதான் உள்ளே பரவி அடைக்கும். பிறகு நிறுத்திக் காற்று பாருங்கள். கடைக்குப் போனதும் பசை போட்டிருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கொடுத்து, டயரைக் கழற்றும்போது என் சட்டையெல்லாம் தெளித்த வாடிக்கையாளர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. வால்வு சென்சார் பாழாகவும் வாய்ப்பு உண்டு.

என் கையில் இருந்தால் பசைக்கு முன்னால் கயிறு குத்துவேன். மலாய்க்காரர்கள் புழு என்று சொல்லும் அந்தக் கயிறு, குத்தூசி, கம்பித் துருவி, இடுக்கி, சின்னப் பம்ப். எல்லாம் ஒரு செருப்புப் பெட்டிக்குள் அடங்கும். ஆணி கண்ணுக்குத் தெரிந்தால், கார் பாதுகாப்பான இடத்தில் நின்றால், பத்து நிமிட வேலை. சக்கரத்தைக் கழற்றக்கூட வேண்டாம், ஸ்டீரிங்கை முழுதாகத் திருப்பினால் முன் டயரில் கை போகும். இது கடைக்குப் போய்ச் சேரும் வரைக்குமான வைத்தியம். முறையான வைத்தியம், டயரைக் கழற்றி உள்ளிருந்து காளான் மாதிரி இருக்கும் ரப்பர் ஒட்டு ஒன்றைச் செருகி ஒட்டுவது.

தானே அடைத்துக்கொள்ளும் டயர் என்று இன்னொன்று இருக்கிறது. கான்டினென்டல் கான்டிசீல், மிஷலின் செல்ஃப்சீல், பிரெல்லி சீல் இன்சைட் என்று பெயர். உள்பக்கம் முழுக்கப் பிசின் மாதிரி ஒரு படலம் தடவி இருக்கும். ஆணி நுழைந்தால் பிசின் அதைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், ஆணியைப் பிடுங்கினாலும் ஓட்டைக்குள் இறங்கி அடைக்கும். பக்கச் சுவர் மெத்தென்று இருக்கும், பலருக்கு ஆணி குத்தியதே தெரியாது. எனக்கு ரன்ஃபிளாட்டைவிட இது பிடிக்கும். நம் ஊரில் எல்லா அளவிலும் கிடைக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். உங்கள் அளவில் கிடைத்தால் யோசிக்காமல் போடுங்கள். கேட்கும்போது, சத்தத்தைக் குறைக்க உள்ளே பஞ்சு ஒட்டிய டயரை இதுதான் என்று காட்டப் போகிறார்கள். அது வேறு, ஆணிக்கு ஒன்றும் செய்யாது.

உள்ளே வளையம் வைத்த ரன்ஃபிளாட் பற்றியும் சிலர் கேட்பார்கள். மிஷலின் பாக்ஸ் என்று ஒன்று வந்தது, புகாட்டி வேரோனில்கூடப் போட்டார்கள். தனி ரிம், தனி மெஷின், அதை மாற்றத் தெரிந்த கடை ஊருக்கு ஒன்றுகூட இல்லை. அதன் கதை அத்தோடு முடிந்துவிட்டது.

எதுவும் வேண்டாம், போன் போதும் என்பவர்களும் இருக்கிறார்கள். கோலாலம்பூருக்குள் அது ஓடும். வேனில் மெஷினோடு வீட்டு வாசலுக்கே வந்து டயர் மாற்றும் ஆட்கள் இப்போது நிறைய. பிளஸ் நெடுஞ்சாலையில் நின்றால் அதன் ரோந்துப் படையான பிளஸ்ரோண்டா ஆட்களைக் கூப்பிடுங்கள். பக்கத்து டோல் அல்லது ஓய்வுத் தளம் வரைக்கும் காசில்லாமல் இழுத்து விடுவார்கள். அதற்கு மேல் உங்கள் இன்சூரன்ஸின் இழுவைச் சேவை. எத்தனை கிலோமீட்டர் இலவசம் என்று இப்போதே பாலிசியில் பார்த்து, அந்த எண்ணைப் போனில் சேமித்து வையுங்கள். நீங்கள் கூப்பிடாமலே வந்து நிற்கும் இழுவை லோரிக்குச் சாவியைக் கொடுக்காதீர்கள், என்ன விலை என்பது காரை இறக்கும்போதுதான் தெரியும். உங்கள் காரைப் பின்சக்கரம் தரையில் உருள இழுக்க விடாதீர்கள், கியர்பாக்ஸ் கெடும். முழுக் காரும் மேலே ஏறும் தட்டு லோரியாகக் கேளுங்கள். காத்திருக்கும்போது காருக்குள் உட்காராமல், எல்லாரையும் இறக்கித் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நிறுத்துங்கள். எமர்ஜென்சி லேனில் நிற்கும் காரின் மேல் லோரி ஏறிய செய்தி நாம் படிக்காததா?

ஆக, உங்கள் பயணத்துக்கு நான் செய்வது: நான்கும் சாதாரண டயர், அளவில் கிடைத்தால் தானே அடைக்கும் வகை. பட்டை போட்டுக் கட்டிய ஒல்லி ஸ்பேர், ஜேக், 17 சாக்கெட், வழிகாட்டிக் கம்பி, கயிறு செட், பம்ப், ஒரு டார்ச் லைட், குனிந்து படுக்க ஒரு பழைய பாய். எல்லாவற்றையும் சேர்த்தாலும், நான்கு ரன்ஃபிளாட்டுக்கும் நான்கு சாதாரண டயருக்கும் உள்ள விலை வித்தியாசத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். ரன்ஃபிளாட்டிலேயே இருக்கப் போகிறேன் என்றால் அதுவும் தப்பில்லை. ஆனால் விளக்கு எரிந்ததும் வேகத்தைக் குறைத்து, அடுத்த ஓய்வுத் தளத்தில் இறங்கி டயரைத் தொட்டுப் பார்த்து, கூட வருபவர்களைப் பஸ்ஸிலோ ரயிலிலோ ஏற்றிப் பாரத்தைக் குறைத்துவிட்டுத்தான் மேலே ஓட்ட வேண்டும். சீனப் பெருநாள் என்றால் ஹோட்டலும் சேர்த்துப் பார்த்து வையுங்கள்.

ஒன்று விட்டுவிட்டேன். நாளைக் காலையில் முதல் வேலையாகச் சக்கரங்களைப் பாருங்கள். ஐந்து போல்ட்டில் ஒன்றின் தலை மட்டும் வேறு மாதிரி, பூப்போலவோ நட்சத்திரம் போலவோ இருந்தால், அது திருட்டுக்குப் பயந்து போட்ட லாக் போல்ட். அதற்கென்று ஒரு சின்னச் சாவி சாக்கெட் உண்டு. செகண்ட் ஹேண்ட் காரில் பத்துக்கு நான்கு முறை அது காணாமல் போயிருக்கும். கையுறைப் பெட்டி, பூட்டின் பக்கத்துக் குழி, ஸ்பீக்கருக்குப் பின்னால், எல்லா இடத்திலும் தேடுங்கள். கிடைக்காவிட்டால் டயர் மாற்றப் போகும் அன்றே அந்த நான்கு போல்ட்டையும் கடையில் உடைத்து எடுக்கச் சொல்லி, சாதாரண போல்ட் போட்டுவிட்டு வாருங்கள்.